காரைக்குடியில் இருந்துகொண்டே பெண்கள் உடல்நலத்துக்காக வேலை செய்வது எப்படி?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்கள், நர்சிங் முடித்துவிட்டு வார்டு டூட்டி வேண்டாம் என்று நினைப்பவர்கள், பி.ஏ. தமிழ் படித்துவிட்டு எங்கே நுழைவது என்று தெரியாதவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, பெண்களோட ஹெல்த்துக்காக, சமத்துவத்துக்காக வேலை பாக்கணும். இதுக்குச் சம்பளம் வருமா, சென்னைக்குப் போயிடணுமா?" சம்பளம் வரும், ஆனால் குறைவாகத்தான் ஆரம்பிக்கும். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு நிச்சயமாக வேண்டாம்.

மார்ச் 8 அன்று பேனர் கட்டி, கோலப்போட்டி வைத்து, மைக்கில் பேசி, போட்டோ எடுத்து மேலே அனுப்புவதுதான் இந்த வேலை என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். விழிப்புணர்வுக் கூட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது பாதிக்கு மேல் பொய். இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், மாத்திரை கொடுக்கும் நேரத்தில் அவர்கள் மில்லில் நிற்கிறார்கள், அதுதான் சிக்கல். ஒரு பெண்ணுக்கு வந்த கஷ்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு எந்தச் சட்டம் பொருந்தும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர் மேசையில் காகிதமாக வைத்து, பதில் வரும்வரை விடாமல் பின்னாலேயே போவதுதான் வேலை.

இந்தப் பக்கம் அடிக்கடி வரும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். லீவுக்கு வந்து போன பிறகு மனைவி மூன்றாவது முறை கர்ப்பம். வேண்டாம் என்று இரண்டு பேரும் போனில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா, அவர் இல்லேன்னா மாமனாரைக் கூட்டிட்டு வா" என்கிறார்கள். மாமனாரிடம் இதைப் போய்ச் சொல்ல அவளால் முடியுமா? நாள் ஓடுகிறது, கடைசியில் ஏதாவது மெடிக்கலில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்குகிறாள், ரத்தப்போக்கோடு வந்து சேர்கிறாள்.

இதில் சட்டம் என்ன? 1971 கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். விதிகளில் உள்ள படிவம் சி என்கிற சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம், மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் கணவர் சம்மதம் கட்டாயம் இல்லை என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆக, கேட்கிற கையெழுத்து சட்டத்தில் இல்லாதது, பழக்கத்தில் வந்தது.

இங்கே உங்கள் வேலை மூன்று மட்டத்தில் நடக்கும். அன்றைக்கே அந்தப் பெண்ணோடு போய், படிவத்தின் நகலைக் காட்டி, சண்டை போடாமல் பேசி முடித்துக் கொடுப்பது முதலாவது, ஏனென்றால் அவளுக்கு வாரக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வேலை முடிந்த பிறகு, கணவர் கையெழுத்து வாங்கச் சொல்லும் அரசாணையின் எண், தேதி, நகல் தருக என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுவது இரண்டாவது. 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இல்லாத அரசாணைக்கு எண் தர முடியாது. அந்தப் பதில் கையில் கிடைத்ததும், மாவட்டம் முழுக்க இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள் என்று மேலே இருப்பவரிடம் போய் உட்காருவது மூன்றாவது. முதல் மட்டத்தை நிறையப் பேர் நன்றாகச் செய்வார்கள், சேவை மனசு உள்ளவர்கள் நம்மிடம் குறைவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்ய ஆள் கிடைப்பதில்லை. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

"மேலே இருப்பவர்" யார் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் அலைகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், வீடுவீடாக வரும் கிராம சுகாதார செவிலியர் எல்லாம் பொது சுகாதாரத் துறை. தாலுகா ஆஸ்பத்திரியும் காரைக்குடி அரசு மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறை, அதற்கு மாவட்டத்தில் இணை இயக்குநர் இருப்பார். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறை. அங்கன்வாடி இவை எதிலும் சேராது, அது சமூக நலன் பக்கம். ஒரே கர்ப்பிணி ஒன்பது மாதத்தில் இந்த நான்கு கதவையும் தட்டியிருப்பாள், நான்கு பேரும் "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள். எனவே முதல் மாதம் வேறு எதுவும் செய்யாமல் யார் யாருக்குக் கீழே என்று ஒரு நோட்டில் வரைந்துகொண்டாலும் தப்பில்லை.

இன்னொரு சிக்கலும் நமக்கு உண்டு. செட்டிநாடு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம், திருமயம், ராயவரம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். இரண்டு கலெக்டர், இரண்டு சமூக நல அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துப் போகும்போது அந்தப் பெண்ணின் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள், அந்த எண் இல்லாமல் அடுத்த வாரம் போனால் நீங்கள் மனுவே கொடுக்காதவர்.

கிராம சபையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்கள் ரோடு, தெருவிளக்கு, தண்ணீர் டேங்க் என்று பேசி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும், பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். முந்தின வாரமே மகளிர் சுய உதவிக் குழுவில் பேசி, துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் இணைப்பு, அங்கன்வாடிக்குக் கழிப்பறைக் கதவு என்று இரண்டே கோரிக்கையை எழுதிக்கொண்டு போய், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒரு அப்பத்தாவை எழுந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்தால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும்.

ஊரைப் பார்க்கிற விதம்

கானாடுகாத்தானுக்கு வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் அந்தக் கல்லை வார்க்கும் இடத்தில் மணல் சுமப்பது யார், புதுவயல் அரிசி ஆலையில் தூசியில் நிற்பது யார், சீப்புச் சீடையும் மணகோலமும் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். பெண்கள் உடல்நலம் என்றாலே பிரசவம், மாதவிடாய் என்று இரண்டு தலைப்புக்குள் அடைத்துவிடுகிறார்கள். முதுகுவலியும் நுரையீரலும் பெண்களுக்கும் உண்டு.

பெரிய வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிக்கிடக்கும் அறைகளுக்கு நடுவே எண்பது வயது ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார், பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும். அவர் வளவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதுவும் பெண்கள் உடல்நலம்தான். அவரைத் தூக்கி உட்கார வைக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு ஞாயிறு லீவு கிடையாது, பி.பி. மாத்திரை வாங்கப் போக நேரம் கிடையாது, கொல்லைப்பக்கக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. இந்த இரண்டாமவரைப் பற்றி எழுதுகிற ஆள் யாரும் இல்லை. சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் பெண்களின் உடல்நலத்தைப் பேச முடியாது என்பதை முதல் வாரமே புரிந்துகொள்வீர்கள்.

ஜவுளிக்கடை, நகைக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், கஸ்டமர் இருந்தால் கேட்கவும் முடியாது, அதனால் குடிக்காமல் இருப்பதே சுலபம். அப்புறம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், சம்பளப் பிடித்தம். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று. போய்ப் பார்த்தால் சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் துணிக்கட்டு இருக்கும். இப்படி ஒன்றைத்தான் கையில் எடுக்கச் சொல்கிறேன்: ஒரு தெரு, ஒரு சட்டம், கடைகடையாக எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு விஷயம். "பெண்களுக்கு எதிரான எல்லா ஒடுக்குமுறையும்" என்று ஆரம்பித்தவர்கள் ஆறாம் மாதம் பாங்க் எக்ஸாமுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள்.

எண்களைப் படிக்கவும் பழகுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, மாவட்ட வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது, சிவகங்கைக்கும் புதுக்கோட்டைக்கும் தனித்தனி அறிக்கை உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுக்க 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கணவர் ஆபரேஷன் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான். சமத்துவம் பற்றி அரைமணி நேரம் பேசுவதை விட இந்த இரண்டு எண்களை ஒரு ஆண்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டு, ஆண்களுக்கான சிகிச்சைக்குக் கத்தியும் தையலும் தேவையில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், கூட்டம் முடிந்து ஒருவராவது தனியாக வந்து கேட்பார்.

படிப்பு

காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி, மகளிரியல் இரண்டு துறையும் இருக்கின்றன. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். பொது சுகாதாரத்தில் முதுகலை என்றால் சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம். என் அபிப்பிராயம், இளங்கலை முடித்ததும் நேராக அங்கே போகாதீர்கள். இரண்டு வருடம் களத்தில் அலைந்துவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு முகத்தோடு ஞாபகம் வரும்.

சட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், வக்கீலாக வேண்டாம், மூலப் பிரதியை ஒருமுறை முழுசாகப் படித்திருந்தால் போதும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013. கடைசியாகச் சொன்னதில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதற்குக் குறைவான இடங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, இந்த இரண்டாவது பாதி பலருக்குத் தெரியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012ஐக் கவனமாகப் படியுங்கள். 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பம் என்று உங்களுக்குத் தெரிந்தால் தகவல் சொல்வது சட்டப்படி உங்கள் கடமை, சொல்லாவிட்டால் குற்றம். அதற்குப் பயந்துதான் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. மேலே சொன்ன 2022 தீர்ப்பில், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், அந்தக் குடும்பம் நாட்டு மருந்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசல் ஏறும்.

வேலை எங்கே கிடைக்கும்?

அரசு பக்கம் ஒப்பந்தப் பணியிடங்கள் வந்துகொண்டே இருக்கும்: பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர், மகளிர் திட்டத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், கடைசித் தேதிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும், எனவே சான்றிதழ் நகல்களை எடுத்துத் தயாராக வைத்திருங்கள். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். அதில் பெரிதாகப் பணம் வராது, ஆனால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால் வழக்குகள் உங்கள் கண்முன்னால் வரும், அதுதான் லாபம்.

தொண்டு நிறுவனங்களில், செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தலித் பெண்கள் ஆரம்பித்த ருவ்செக் எப்படி வேலை செய்கிறது என்று படியுங்கள். கிராமத்துப் பெண்களே உடல்நலப் பணியாளர்களாகி, ஒரு கிளினிக்கும் நடத்தி, ஆய்வும் எழுதி, அந்த ஆய்வைக் கொள்கை வகுக்கிற இடம் வரை கொண்டுபோனவர்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே கூட்டினார். "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று யாராவது சொன்னால், 1886இல் அதே புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராகி, சட்டமன்றத்துக்குள் போய் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லுங்கள். அதுவும் போதாது என்றால் 1990களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதைச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அதையும் ஒத்துவராது என்றுதான் சொன்னார்கள்.

ஐ.நா. வேலை, டெல்லி வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு: போகலாம், ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், எக்செல் தெரிய வேண்டும், ஐந்தாறு வருடக் கள அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் இங்கே கிடைக்கும்.

விண்ணப்பத்தோடு "சமூக அக்கறை கொண்டவள்" என்று எழுதாமல் மூன்று காகிதங்களை இணையுங்கள்: பெயர், ஊர் எதுவும் தெரியாதபடி எழுதிய ஒரு சம்பவக் குறிப்பு, நீங்கள் வாங்கிய ஒரு ஆர்.டி.ஐ. பதில், உங்கள் மாவட்ட எண்களை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு அலசல். பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு நடுவே இந்த மூன்று காகிதம் தனியாகத் தெரியும். பெயர் தெரியாதபடி என்றது நிஜமாகவே அப்படித்தான். "தேவகோட்டை பக்கம், கணவர் மலேசியா, மூன்று பெண் பிள்ளைகள்" என்று எழுதினாலே ஊரில் பாதிப் பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடும் பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு வருமுன் விட்டுவிடுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு இருக்கும். "ஊரான் வீட்டுச் சண்டைக்கெல்லாம் இவ போறா" என்று அத்தை சொல்வார், மாப்பிள்ளை வீட்டார் என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா கவலைப்படுவார். "ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லச் சொல்லுங்கள், பொய்யும் இல்லை. குடும்ப வன்முறை வழக்குகளுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் கொடுங்கள். ராத்திரி வரும் போன்களை யார் எடுப்பது என்று அலுவலகத்தில் முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் சலித்துப்போய்விடும்.

இன்டர்வியூவில் அவர்கள் கேட்பதோடு எழுந்துவிடாமல் நீங்களும் கேளுங்கள். திட்டம் எத்தனை மாதத்துக்கு, பணம் எங்கிருந்து வருகிறது? 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள், ஒரு நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டார்கள், பெரிய நிறுவனங்களை நம்பியிருந்த சின்ன அமைப்புகளுக்கு அது பெரிய அடி. எனவே இந்தக் கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா, பி.எஃப். உண்டா, பஸ் காசு யார் கொடுப்பார்கள், 26 வார மகப்பேறு விடுப்பு உண்டா, உள்ளகக் குழுவில் இருக்கும் வெளி உறுப்பினர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத நிறுவனம், வெளியே சமத்துவம் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், யோசித்துச் சேருங்கள்.